லைசின் போடும் தாய்மாமன்

ஆலங்காயத்தில் காலை ஏழு இருபதுக்குக் கிளம்பி மலை ஏறும் மினி பஸ்ஸில் பதினோரு வருடமாகப் போய் வருகிறேன். மலைமேல் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர் வேலை. பெயர் அருணா. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டிலும் சொல்வார்கள், பள்ளிக்கூடத்திலும் சொல்வார்கள். அந்த வாயிடம் அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் அந்த பஸ்ஸின் கண்டக்டர் சின்னராஜ். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதும் கடன் எனக்குத்தான் இருக்கிறது.

சின்னராஜுக்கு முப்பத்தாறு வயது. பஸ்ஸின் கடைசி நிறுத்தம்தான் அவருக்குச் சொந்த ஊர். பத்தாவது படிக்கும்போது அப்பா புளிய மரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா செல்லம்மாவும் எட்டு வயதுத் தங்கை திரௌபதியும் மிச்சம். சின்னராஜ் புத்தகப் பையைப் பரணில் போட்டுவிட்டு லாரிக்கு கிளீனராகப் போனார், பிறகு இந்த பஸ்ஸுக்கு வந்தார். தங்கையைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்து, பக்கத்து ஊர் தசரதனுக்குக் கட்டிக்கொடுத்தார். தனக்கு மட்டும் எதுவும் அமையவில்லை. அதற்குக் காரணம் அவருடைய உதடு.

மாதத்துக்கு ஒரு தடவை, மேல் உதட்டின் இடது ஓரத்தில் கொப்புளம் வரும். முதல் நாள் எறும்பு ஊர்வது போல இருக்குமாம். மறுநாள் கடுகு கடுகாகக் கொத்தாக எழும்பும். பிறகு உடைந்து, பொருக்குத் தட்டி, உதிர்வதற்குப் பத்து நாளாகும். இதில் கஷ்டம் என்னவென்றால் எங்கள் பஸ் விசிலை நம்பி ஓடுகிற பஸ். மலையில் இரண்டு வளைவுகளில் ஒரே திருப்பில் திரும்ப முடியாது. டிரைவர் சிங்காரம் பின்னால் எடுக்க வேண்டும், சின்னராஜ் கீழே இறங்கிப் பள்ளத்தைப் பார்த்தபடி விசில் ஊத வேண்டும். கொப்புளம் வந்த நாட்களில் விசிலை வாயில் வைக்க முடியாது. பஸ்ஸின் முதுகில் கையால் தட்டுவார். சிங்காரம் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டுவார். நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

"இன்னா சின்னராஜ், ராத்திரி பல்லி வந்து முத்தம் குடுத்துட்டுப் போச்சா?" என்று கேட்டது நான்தான். பஸ்ஸே சிரித்தது. அவரும் டிக்கெட் கட்டால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அவர் பார்க்காத வைத்தியம் இல்லை. சுண்ணாம்பு வைத்தார், தேங்காய் எண்ணெய் தடவினார். அக்கி என்று யாரோ சொல்ல, அக்கி எழுதும் குயவரிடம் போய் வாயைச் சுற்றிக் காவிக்கல்லை உரசி எழுதிக்கொண்டு வந்தார். அம்மாவின் லிப்ஸ்டிக்கை எடுத்துப் பூசிக்கொண்ட குழந்தை போன்ற முகத்தோடு மூன்று நாள் டிக்கெட் கிழித்தார். பொண்ணு பார்க்கப் போன ஒரு வீட்டில், மாப்பிள்ளை வாயைப் பார்த்துவிட்டுக் காபி கொடுத்த தம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் பொண்ணு பார்க்கப் போகவில்லை.

செல்லம்மாவுக்கு இதெல்லாம் ஒரே விஷயம்தான்: சூடு. நாள் முழுக்க என்ஜின் சூட்டில் நிற்கிற பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிறது. அதனால் வீட்டில் கொள்ளுப் பயறை நிறுத்தினார், முட்டையை நிறுத்தினார், மொச்சையையும் நிறுத்தினார். மலையில் கொள்ளும் மொச்சையும் இல்லாமல் ஒரு குடும்பம் சாப்பிடுவது சாமானிய விஷயம் இல்லை. பிள்ளை இளைத்துவிடுவானே என்று ஆலங்காயத்திலிருந்து கடலை உருண்டை வாங்கி வரச் சொல்லி, தினம் நாலு கையில் வைத்து அனுப்பினார். அவரும் மூன்று வருடம் சாமைச் சோறும் கடலை உருண்டையுமாகவே ஓட்டினார். கொப்புளம் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

இப்படியே போயிருந்தால் எழுத ஒன்றும் இல்லை. போன ஆவணியில் திரௌபதிக்குக் குழந்தை பிறந்தது.

கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. அந்த ஏழு வருடத்தில் அவர்கள் ஏறாத கோயில் இல்லை. சின்னராஜ் அதற்கு முன் ஒரு நாளும் லீவு கேட்டதில்லை. சிங்காரத்திடம் பையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "தங்கச்சி வலியில கீது, நான் போய்ட்டு வர்றேன்" என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இரண்டு ராத்திரி கண் மூடவில்லை. மூன்றாம் நாள் காலை குழந்தை பிறந்தபோது அவர் உதட்டில் கொப்புளமும் கொத்தாக எழும்பியிருந்தது.

அந்தப் பக்கத்தில் தாய்மாமன்தான் முதலில் பிள்ளையைக் கையில் வாங்குவார். நாக்கில் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணி தொட்டு வைத்து, நெற்றியில் முத்தம் கொடுப்பார். சின்னராஜ் வெள்ளியில் அரைஞாண் வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். செல்லம்மா கிண்ணத்தோடு தயார். துணியில் சுற்றிய குழந்தையை எடுத்து வந்த நர்ஸ் கலைவாணி, நீட்டிய கையைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்தார்.

"வாயில இன்னா அது?"

"சூட்டுக் கொப்புளம்ங்க. மாசாமாசம் வரும்."

கலைவாணி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். "கிட்ட வராதீங்க. சக்கரத் தண்ணியும் வேணாம், ஒண்ணும் வேணாம். இது வைரஸ். பெரியவங்களுக்கு உதட்டோட போய்டும். பொறந்த கொழந்தைக்குத் தொத்திச்சின்னா மூளை வரைக்கும் போவும், உயிருக்கே ஆபத்து. நீங்க வெளிய போங்க."

தாய்மாமனை வெளியே போகச் சொன்னதும் வராண்டாவில் இருந்த உறவெல்லாம் கொதித்தது. மலைக்காரன் என்றால் இளக்காரமா என்று தசரதனின் பெரியப்பா குரலை உயர்த்தினார். கலைவாணி அசையவில்லை. "சண்டை அப்புறம் போடுங்க, இப்ப இவரு வெளிய போவணும்" என்றார். சின்னராஜ் அரைஞாணை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் போய் நின்றார். சாயங்காலம் வரை அங்கேயே நின்றாராம். இது திரௌபதி பின்னால் எனக்குச் சொன்னது.

கலைவாணி வேலை முடிந்து கிளம்பும்போது அவரைப் பார்த்தார். கோபத்தோடு நிற்கிறார் என்று நினைத்து ஒதுங்கப் போனாராம். சின்னராஜ் கை கூப்பினார். "நீங்க தடுக்கலன்னா நான் முத்தம் குடுத்திருப்பேங்க" என்றார். கலைவாணி அவரைத் திரும்ப உள்ளே கூட்டிக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் உட்கார வைத்தார்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டை மறுவாரம் பஸ்ஸில் என்னிடம் நீட்டினார். "டீச்சர், இதுல இங்கிலீஷ்ல இன்னா எழுதியிருக்கு, கொஞ்சம் படிச்சிச் சொல்றீங்களா?" நான் படித்தேன். ஹெர்பிஸ் என்று ஒரு வார்த்தை இருந்தது. எனக்கு அந்த வார்த்தை தெரியும், பாதி தெரியும். அசிங்கமான வியாதி, கெட்ட சகவாசத்தில் வருவது என்ற அளவுக்குத் தெரியும். சீட்டை விரல் நுனியில் பிடித்துத் திருப்பிக் கொடுத்தேன். "மருந்துக் கடையில கேளுங்க" என்றேன். மறுநாள் அவர் கை என் கையில் படக்கூடாது என்று காசைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பாதி வழியில் கலைவாணி பஸ்ஸில் ஏறினார். பக்கத்தில் உட்கார்ந்ததும் நான் குசுகுசுவென்று விசாரித்தேன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டீச்சர், இதுல ரெண்டு வகை கீது. உதட்டுல வர்றது பெரும்பாலும் சின்ன வயசுலயே வர்றது. யாராவது கொஞ்சினதுல, ஒரே தம்ளர்ல குடிச்சதுல ஒட்டிக்கும். பாதிப் பேருக்கு மேல உடம்புல இருக்கும். உங்களுக்குமே இருக்கலாம், வெளிய காட்டாம." அன்று இறங்கும்போது டிக்கெட்டுக்கான காசைச் சின்னராஜின் உள்ளங்கையில் வைத்து, "சாரிங்க" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "பரவால்ல டீச்சர், பாத்து எறங்குங்க" என்றார்.

டாக்டரம்மா சொன்னதைச் சின்னராஜ் எனக்கு வரி வரியாக ஒப்பித்தார். இந்தக் கிருமி ஒரு தடவை வந்தால் போகாது, நரம்பில் படுத்துக்கொள்ளும். வெயில், காய்ச்சல், தூக்கமின்மை, மனக் கவலை, இதில் எது வந்தாலும் எழுந்து வரும். ஊர ஆரம்பித்த உடனே போட ஒரு மருந்து. தினமும் போட ஒரு சத்து மாத்திரை, அதன் பெயர் லைசின். அது ஒரு அமினோ அமிலம், நம் உடம்பு தானாகச் செய்துகொள்ளத் தெரியாதது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். "சில பேருக்குக் கேக்குது, சில பேருக்குக் கேக்கறதில்ல. ஆராய்ச்சி பண்ணவங்களே ரெண்டு விதமா சொல்றாங்க. அதனால சத்தியம் பண்ணிக் குடுக்க மாட்டேன். ஆறு மாசம் போட்டுப் பாக்கலாம்" என்று டாக்டரம்மா சொன்னாராம். கிட்னி சரியாக இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் எழுதியிருக்கிறார்.

கூடவே செல்லம்மாவைக் கூப்பிட்டு என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். செல்லம்மா பெருமையாகச் சொன்னார்: கொள்ளு இல்லை, மொச்சை இல்லை, முட்டை இல்லை, கடலை உருண்டை மட்டும் தினம் நாலு. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

"அம்மா, நீங்க நிறுத்தினது எல்லாத்துலயும் இந்தச் சத்து கீது. கடலையில கம்மி. அதுவுமில்லாம அதுல இருக்கிற வேற ஒண்ணு இந்தக் கிருமிக்குத் தீனின்னு சொல்றவங்களும் இருக்காங்க. அது உறுதியா தெரியல. எதுக்கும் உருண்டையைக் குறைங்க, கொள்ளைப் போடுங்க."

"கொள்ளா? குதிரை தின்றதுங்க அது. இருக்கிற சூட்டுல இவன் எரிஞ்சி பூடுவான்."

"எரிய மாட்டாரும்மா."

செல்லம்மா வீடு வந்ததும் திரௌபதியிடம், "மூணு வருசமா நானே என் புள்ளைக்குக் கெடுதல் பண்ணிட்டேனா?" என்று உட்கார்ந்து அழுதார். அப்புறம் எழுந்து பானையைத் துழாவிக் கொள்ளை எடுத்து ஊறப் போட்டார். சூட்டைப் பற்றிய அவருடைய எண்ணம் மட்டும் மாறவில்லை. கொள்ளு ரசம் வைத்தால் பின்னாலேயே ஒரு சொம்பு மோரும் வரும்.

லைசின் மாத்திரை ஆலங்காயத்தில் கிடைக்கவில்லை. கடைக்காரர் வாணியம்பாடியிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். டப்பா டிக்கெட் பையிலேயே இருக்கும். காலை முதல் டிரிப் முடிந்ததும் டீக்கடையில் ஒன்று போட்டுக்கொள்வார். ஒரு நாள், கண்ணமங்கலம் பக்கம் கோழிப் பண்ணையில் வேலை பார்த்துவிட்டு வந்த ராஜேந்திரன் டப்பாவை வாங்கிப் பார்த்தார். "லைசினா? இது கோழித் தீவனத்துல கலக்கறதாச்சே கண்டக்டர். எங்க பண்ணையில மூட்டை மூட்டையா வந்து எறங்கும்." அவ்வளவுதான். ஒரு மாதம் வரைக்கும் கடைசி சீட்டிலிருந்து கொக்கரக்கோ என்று யாராவது கூவாமல் பஸ் கிளம்பாது. சின்னராஜ் கோபித்துக்கொள்ளவில்லை. "கூவுங்க, கூவுங்க. முட்டை போட்டா உங்களுக்குத்தான் முதல்ல" என்பார்.

ஐப்பசியில் ஒரு தடவை வந்தது. மார்கழியில் சின்னதாக ஒன்று வந்து நாலே நாளில் காய்ந்தது. தை போனது, மாசி போனது, பங்குனி வெயில் வந்தது, சித்திரை போனது. உதடு சுத்தமாக இருந்தது. அவர் வெயிலுக்குத் தொப்பி வைத்துக்கொண்டார், நேரத்துக்குத் தூங்கினார். மாத்திரையா, கொள்ளா, தூக்கமா, எது வேலை செய்தது என்று டாக்டரம்மாவாலேயே சொல்ல முடியவில்லை. சின்னராஜுக்கு அந்தக் குழப்பம் இல்லை. தினம் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். வளைவுகளில் விசில் காட்டையே எழுப்புகிற மாதிரி கேட்கும்.

ஆனால் இத்தனை மாதத்தில் அவர் குழந்தையைத் தூக்கவே இல்லை. உதடு நன்றாக இருக்கும்போது கையைக் கழுவிவிட்டுத் தூக்கலாம் என்று கலைவாணி எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அந்த ஆஸ்பத்திரிக் காலைப்பொழுது அவருக்குள் அப்படியே நின்றுவிட்டது. வாசலில் இரண்டு கை தூரத்தில் குந்தி, குழந்தையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவார். "காது குத்து அன்னிக்கு மடியில வெச்சிக்கறேன். அதுக்குத்தான் இதெல்லாம் போட்டுக்கினு இருக்கேன்" என்பார். ஒரு மனிதன் மாத்திரை போட்டது உதட்டுக்காக இல்லை, ஒரு நாள் ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள.

ஒன்பதாம் மாதம், வைகாசியில் நாள் குறித்தார்கள். குலதெய்வம் கோயிலில் மொட்டையும் காது குத்தும். மலையிலிருந்தும் கீழேயிருந்தும் நூற்றைம்பது பேர். நானும் போயிருந்தேன், கலைவாணியும் வந்திருந்தார். ஆடு வெட்டிக் கறிச்சோறு. எல்லாச் செலவும் அலைச்சலும் தாய்மாமன்தான். மூன்று ராத்திரியாகச் சரியான தூக்கம் இல்லை என்று கண்ணிலேயே தெரிந்தது. புது வேட்டி, புதுச் சட்டை. பாய் விரித்தாகிவிட்டது. பத்தர் தங்கக் கம்பியோடு உட்கார்ந்துவிட்டார். பட்டுப் பாவாடையில் பாப்பாவைத் திரௌபதி தூக்கிக்கொண்டு வந்தாள்.

சின்னராஜ் பாயில் உட்கார்ந்தார். உதட்டை ஒரு தடவை விரலால் தொட்டார். பிறகு எழுந்து நின்றார்.

"எனக்கு உதடு ஊர்து" என்றார்.

கூட்டத்துக்குப் புரியவில்லை. நான் பார்த்தேன். உதட்டில் ஒன்றும் இல்லை. சிவப்புகூட இல்லை. அவர் சொல்லாவிட்டால் அந்த நூற்றைம்பது பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஒன்பது மாதம் காத்திருந்த மடி. அவர் தலை குனியாமல், எல்லோரும் கேட்கிற மாதிரி சொன்னார்: "எனக்கு மறுபடி கொப்புளம் வரப்போவுது. காலையில இருந்து ஊர்து. கொழந்தைக்குக் காதுல புண்ணு ஆவப்போற நேரம். நான் உக்காரக் கூடாது. வேற யாராவது உக்காருங்க."

பங்காளி முறையில் இன்னொரு மாமன் துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்தார். நல்ல நேரம் முடிய இருபது நிமிடம்தான் என்று ஒரு குரல். திரௌபதி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "யாரும் உக்கார வேணாம்" என்றாள்.

"நேரம் பூடும்மா" என்றார் தசரதனின் பெரியப்பா.

"போவட்டும். எங்க அண்ணன் எனக்கு அப்பா மாதிரி. இன்னிக்கு வாயைத் தொறக்காம உக்காந்திருந்தா யாருக்குத் தெரியும்? தெரியாதில்ல? என் பொண்ணுக்காவ எழுந்து நின்னுது அது. அது மடியிலதான் காது குத்து. பதினஞ்சி நாள் கழிச்சி வெச்சிக்கலாம். கறி ஆறிப் போவுது, எல்லாரும் சாப்பிடுங்க."

பெரியப்பா செல்லம்மாவைப் பார்த்தார், செல்லம்மா தசரதனைப் பார்த்தார். தசரதன், "எலையைப் போடுங்க" என்றான். அப்படியாக, காது குத்தாத காது குத்து விருந்தை நூற்றைம்பது பேரும் திருப்தியாகச் சாப்பிட்டோம். பத்தருக்கு இரண்டு தடவை கறி வைத்தார்கள். சின்னராஜ் தள்ளி நின்று ஊர ஆரம்பித்ததும் போடும் மருந்தைப் போட்டுக்கொண்டு, தண்ணீர்ச் செம்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. எனக்கு வாய் நீளம் என்று யார் சொன்னது. "உங்கள மாதிரி ஒருத்தர எனக்குத் தெரியும்னு சொல்லிக்கப் பெருமையா இருக்குதுங்க" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நானும்தான்.

அந்தக் கொப்புளம் ஆறே நாளில் காய்ந்து உதிர்ந்தது. பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பந்தல் இல்லை, கறிச்சோறு இல்லை. பத்தர் எங்கள் மினி பஸ்ஸிலேயே மலை ஏறி வந்தார். சிங்காரம் கோயிலுக்குப் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கூடவே வந்தார். இருந்தது பத்துப் பன்னிரண்டு பேர்.

சின்னராஜ் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். திரௌபதி குழந்தையை மடியில் வைத்தாள். அவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை. செல்லம்மா பின்னாலிருந்து அவர் கையை எடுத்துக் குழந்தையின் முதுகில் வைத்துவிட்டார். முதலில் மொட்டை, பிறகு காது. பத்தர் வலது காதில் குத்தியதும் பாப்பா போட்ட கத்தலில் மரத்துக் குருவிகள் பறந்தன. இடது காதுக்கு இன்னும் பெரிய கத்தல். அழுகையோடு திமிறி, மாமன் சட்டையைப் பிடித்துக்கொண்டு முகத்தை அவர் கழுத்தில் வைத்து அழுத்தியது.

அவர் முகத்தைச் சட்டென்று மறுபக்கம் திருப்பிக்கொண்டார். பழக்கம். பிறகு கலைவாணியைத் தேடிப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான்.

"கால்ல குடுங்க, பரவால்ல" என்றார் கலைவாணி.

சின்னராஜ் குழந்தையின் வலது காலைத் தூக்கி, உள்ளங்காலில் முத்தம் கொடுத்தார். எடுக்காமல் உதட்டை அங்கேயே வைத்திருந்தார். பாப்பா அழுகையை நிறுத்தவில்லை. அவரும் நிறுத்தவில்லை.